பார்க்க வந்தவருக்குப் பிள்ளையைக் காட்டிய கதை

ஒரு குழந்தைக்கு உதவி எதுவும் பெரிதாகத் தேவையில்லை என்று, அந்த உதவியை வாங்கித் தருவதற்காகவே சம்பளம் பெற்றுக்கொண்டிருந்த நான், ஒரு காலைப்பொழுது முழுக்கப் பாடுபட்டு நிரூபித்திருக்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைத்துக்கொண்டு, விசில் அடித்தபடி போய்ச் செய்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுவது நல்லது. இதற்குப் பிறகும் என்னிடம் கேட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால் மேலே படிக்கலாம்.

மெல்பேர்னின் தென்கிழக்கில், நோபல் பார்க் பக்கம், ஒரு தனியார் ஆரம்பப் பள்ளியில் கற்றல் ஆதரவுக்குப் பொறுப்பாளனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இப்போது அதே நாற்காலிகளில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு விதிமுறைகளை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அவை ஆண்டுக்கு ஒருமுறை மாறும். மாறியதை அறிவிக்கும் மின்னஞ்சல் நீங்கள் விடுப்பில் இருக்கும்போது வரும். மாறாதது ஒன்றுதான். உடற்குறையோ மனவளர்ச்சி வேறுபாடோ உள்ள பிள்ளைக்கு எவ்வளவு கூடுதல் கவனிப்பு தேவை என்று பள்ளி மதிப்பிடுகிறது. அந்த மதிப்பீட்டின் படிநிலைக்கு ஏற்ப அரசாங்கப் பணம் வருகிறது. பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் வருகிறது. பள்ளியின் கைக்குத்தான் போகிறது.

இதைப் பெற்றோருக்கு விளக்கப் போய்த்தான் நான் அன்ரனிடம் முதலில் மாட்டிக்கொண்டேன். அன்ரன் மன்னாரிலிருந்து வந்தவர், டண்டினோங்கில் ஒரு பட்டறையில் வேலை. அவருடைய மகள் ஷெரின் எங்களிடம் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். ஆட்டிசம் உள்ள பிள்ளை. அடுத்தது என்ன என்று பக்கத்திலிருந்து ஒருவர் காட்டிக்கொண்டே இருந்தால் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். காட்டாவிட்டால் எழுந்து நேராகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விடுவாள். அங்கே அவளுக்குப் பிடித்த இலக்கியம் இருந்தது: நம்பர் பிளேட்டுகள். ஒவ்வொன்றாக வாசிப்பாள். வண்டி நிற்கிறதா நகர்கிறதா என்பது அவளுக்கு ஒரு பொருட்டில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் லின் என்ற உதவியாளர். லின் இருக்கும்வரை ஷெரின் எங்கள் பள்ளியில் இருக்கலாம் என்பதுதான் நிலைமை. யாரும் அப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

“சேர், ஒரு விசயம் கேக்கட்டோ?” என்றார் அன்ரன், பெற்றோர் சந்திப்பில். “அமெரிக்காவிலை என்ரை மச்சான்ரை பெடியனும் ஷெரின் மாதிரித்தான். அவனுக்குப் படிப்புக் காசுக்கு எண்டு அரசாங்கம் வவுச்சர் குடுக்குதாம். எந்தப் பிரைவேட் ஸ்கூலுக்கும் கையிலை கொண்டு போகலாமாம். இஞ்சை ஏன் அப்பிடி இல்லை?”

“இங்கே வவுச்சர் கிடையாது அன்ரன். பணம் ஸ்கூலுக்கு வரும். கல்யாண வீட்டுச் சமையல் மாதிரி வச்சுக்கோங்களேன். எல்லார் பேர்லயும் வர்ற அரிசியை ஒரே அண்டாவில போட்டு வடிக்கிறோம்.”

என் உவமையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

“அது சரி சேர். என்ரை பிள்ளையின்ரை இலையிலை என்ன விழும்?”

“லின்” என்றேன்.

“அப்ப சரி” என்று எழுந்துவிட்டார். நான் உரையாடிய பெற்றோர்களிலேயே நிதிக் கொள்கையை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டவர் வேறு யாருமில்லை.

இனி என் சாதனைக்கு வருகிறேன். எங்கள் மதிப்பீடுகள் சரிதானா என்று பார்க்க, எங்களுக்கு மேலே இருந்த அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வரப்போவதாகத் தகவல் வந்தது. சில பிள்ளைகளை வகுப்பிலேயே வந்து பார்ப்பார்; அதில் ஷெரினும் ஒருத்தி.

நான் ஆஸ்திரேலியா வருவதற்கு முன் திருச்சி பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார். ‘அதிகாரி வருகிறார்’ என்ற இரண்டு சொற்கள் காதில் விழுந்தால், அந்த மாவட்டத்து வாத்தியாரின் முதுகெலும்பு தானாக நிமிர்ந்துகொள்ளும். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலில் இரவல் பூந்தொட்டி, முதல் வரிசையில் கெட்டிக்காரப் பிள்ளைகள். அதிகாரி கேள்வி கேட்டால் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். விடை தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கையைப் பார்த்துக் கூப்பிடுவார். இந்தக் கலையில் நான் தேர்ந்தவன். நாடு மாறி, மொழி மாறி, தலையில் முடியும் மாறிய பிறகும் அந்தக் கை மட்டும் மாறவில்லை.

ஆகவே ஏற்பாடுகள் செய்தேன். அன்று இசை வகுப்பின் மேளச் சத்தம் ஷெரினைத் தொந்தரவு செய்யும் என்று அந்த வகுப்பை மறுநாளுக்கு மாற்றினேன். கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த சன்னல்களில் திரையை இழுத்துவிடச் சொன்னேன். அவளுக்கு மிகவும் பிடித்த பாடத்தை அந்த நேரத்துக்குப் போட்டேன். மற்றப் பிள்ளைகளிடம், சத்தம் போடாமல் இருந்தால் எல்லோருக்கும் ஸ்டிக்கர் என்று பேரம் பேசினேன். அன்ரனிடம் போன் பண்ணி, “நாளைக்கு மேலிடத்திலிருந்து ஆள் வர்றாங்க, பிள்ளையைக் கொஞ்சம் நல்லாத் தயார் பண்ணிக் கூட்டிட்டு வாங்க” என்றேன்.

தமிழ்ப் பெற்றோரிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தால் என்ன நடக்கும் என்று நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பிள்ளையைக் கூடத்துக்கு அழைத்துப் பாட்டுப் பாடவைக்கும் வம்சம் நாம். மறுநாள் காலை ஷெரின் இரட்டைப் பின்னலும் நீல ரிப்பனுமாக வந்தாள். அவளுடைய அம்மா றெஜினா ஒரு பெரிய டப்பா நிறைய ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்திருந்தார். “வாறவவுக்குக் குடுங்கோ சேர், சூடு ஆறமுதல்.”

வந்த பெண்மணி மெல்லிய குரலும் கனத்த பையும் உடையவர். வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஷெரின் எழுந்து நின்று, ஒரு சொல் பிசகாமல், “குட் மார்னிங் மேடம், ஐ ஆம் வெரி வெல், தேங்க் யூ, ஹவ் ஆர் யூ” என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். அந்தப் பெண்மணி அதுவரை அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பதை நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. பிறகு பாடம் முழுவதும் லின் காட்டிய அட்டைகளைப் பார்த்தபடி அழகாக உட்கார்ந்திருந்தாள். லின் பேசவே இல்லை. ஒரு விரலால் அடுத்த அட்டையைத் தொடுவார், அவ்வளவுதான். பார்ப்பவருக்கு லின் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அப்படித்தான் இருந்தது.

“அருமையாக இருக்கிறாள்” என்றார் அந்தப் பெண்மணி, ரோல்ஸ் சாப்பிட்டபடி. நான் வாசல்வரை போய் வழியனுப்பினேன். மனதுக்குள் ஒரு பூந்தொட்டியும் வாங்கி வைத்திருக்கலாமோ என்று தோன்றியது.

சில நாள் கழித்து அவரே போன் செய்தார். நல்ல செய்தி, ஷெரினின் தேவையை நாங்கள் அதிகமாகக் காட்டியிருக்கிறோம், ஒரு படி குறைத்துக்கொள்ளலாம், அவள் நன்றாக முன்னேறியிருக்கிறாள், வாழ்த்துகள் என்றார்.

“ரொம்ப நன்றி” என்றேன் நான்.

போனை வைத்த பிறகுதான், எதற்கு நன்றி சொன்னேன் என்று விளங்கியது. ஒரு படி இறங்கினால், லின்னின் நேரத்தைப் பாதியாக்கி வேறு வகுப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். தலைமையாசிரியரிடம் போனேன். அவர் கெட்டவரில்லை, கணக்கைத் தினம் பார்க்கிறவர். “அப்படியானால் ஷெரினுக்கு வேறோர் இடம் பொருத்தமாக இருக்குமா என்று நாம் குடும்பத்தோடு பேசவேண்டி வரலாம்” என்றார். இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தால் இந்த வாக்கியத்தை நீங்களும் கேட்பீர்கள். மிகவும் மென்மையான வாக்கியம். கதவு மூடும் சத்தமே கேட்காது.

அன்ரனிடம் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அலுவலகத்திலிருந்து அவருக்கும் தகவல் போயிருந்தது.

“சேர், பிள்ளை முன்னேறிட்டாள் எண்டு அவையே சொல்லிட்டினம். மாதா கோயில்லை சுவாமியாரிட்டையும் சொல்லிட்டன். ஞாயிற்றுக்கிழமை பூசை ஒண்டு ஒப்புக்குடுக்கப் போறம்.”

நான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அண்டா, இலை என்று எந்த உவமையும் கைகொடுக்கவில்லை. படி இறங்கினால் லின் பாதிதான் என்றேன். மற்றப் பாதி நேரம் அவளை யார் பார்ப்பது என்று அவர் கேட்டார். யாருமில்லை என்றேன். அவர் பிடித்திருந்த என் கையை விட்டார்.

“அப்ப, என்ரை பிள்ளை நல்லாச் செய்ததுதான் பிழையோ?”

அந்தக் கேள்வியோடு நேராக என் மேசைக்குப் போனேன்.

மேலிடத்துக்கு எழுதி, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, இன்னொரு முறை வந்து பார்க்கும்படி கேட்டேன். அந்தப் பெண்மணி வருவதாக ஒப்புக்கொண்டார். “இந்த முறை எனக்காக எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள்” என்று மட்டும் சொன்னார். பதில் கடிதத்தில் அந்த வரிக்கு அடிக்கோடு இல்லை, ஆனால் எனக்குக் கோடு தெரிந்தது.

அன்ரனுக்கும் ஒரு திட்டம் இருந்தது. “சேர், அண்டைக்கு அவளைக் கொஞ்சம் குழப்பி விட்டால் என்ன? சத்தம் கேக்காமல் அவள் காதுக்குப் போடுற ஹெட்போனைக் குடுக்காமல் விடுறன். காலமை சாப்பாட்டையும் மாத்திக் குடுத்தால் காணும், ஒரே கூத்துத்தான்.”

பக்கத்தில் நின்ற றெஜினா திரும்பினார். “உங்களுக்கென்ன விசரே? பிள்ளையை அழ வைச்சுக் காட்டிறதுக்கோ பள்ளிக்கூடம்?”

“அழாட்டி ஆர் நம்புவினம்?” என்றார் அன்ரன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த யோசனை எனக்கும் முந்தின நாளே வந்திருந்தது என்பதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. “எப்பவும் போல கூட்டிட்டு வாங்க” என்றேன்.

அந்த நாள் வந்தது. காலையில் லின் போன் செய்தார். குரலே வரவில்லை; காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. மாற்று ஆளுக்குச் சொல்லி அனுப்பினோம், ஒருவரும் கிடைக்கவில்லை. வெளியே அந்தப் பெண்மணி ஏற்கெனவே வந்து, அலுவலக மேசையில் வருகையைப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

தலைமையாசிரியர் என்னைத் தாழ்வாரத்தில் ஓரங்கட்டினார். “இதுவும் ஒருவகையில் நல்லதுதான். நாற்காலி காலியாகவே இருக்கட்டும். லின் இல்லாமல் என்ன ஆகிறது என்று அவர் கண்ணாலேயே பார்க்கட்டுமே. இது நாம் செய்த ஏற்பாடு இல்லை, தானாக நடந்தது.”

பிள்ளையை விட வந்து தாழ்வார வாசலில் நின்ற அன்ரனின் காதிலும் அது விழுந்துவிட்டது. “சேர், அவர் சொல்லுறது சரிதானே? கடவுள் குடுத்த மாதிரி.”

புதிதாக வந்திருப்பவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். தவறான வேலை, தவறான வேலை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வராது. அது ஒரு காலி நாற்காலியாக வரும். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும், நீங்கள் விரும்பிய முடிவு தானாகக் கிடைக்கும் என்று சொல்லும். அந்த முடிவு நியாயமானதாகவும் இருக்கும்! ஷெரினுக்கு லின் முழுநேரமும் தேவை என்பது உண்மைதானே.

நான் பெரிய தர்மவான் இல்லை. யோசித்தது இரண்டே விஷயம். முதல் முறை அவளுடைய வலது கையைத் தூக்கிக் காட்டினேன்; இன்று இடது கையைத் தூக்கிக் காட்டப் போகிறேன்; காட்டுகிறவன் அதே வாத்தியார்தான் என்று தோன்றியது. இன்னொன்று, கார் நிறுத்துமிடம். காலையில் அங்கே வண்டிகள் பின்னோக்கி வந்து திரும்பும். அந்தப் பெண்மணியை நம்பவைப்பதற்காக வைக்கும் காலி நாற்காலிக்கும் அந்த வண்டிகளுக்கும் இடையே யாருமில்லை.

“நானே உட்கார்றேன்” என்றேன்.

தலைமையாசிரியர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உங்களுக்கு இது தெரியுமா?”

“இத்தனை வருஷமா இதைத்தானே மேற்பார்வை பண்றேன்” என்றேன். மேற்பார்வை என்றால் என்ன என்று எனக்குப் புரியப்போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் வகுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபோது என் முழங்கால்கள் தாடைக்கு எதிரே வந்துவிட்டன. லின்னின் அட்டைகளை எடுத்தேன். அவற்றுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நான் எடுத்த வேகத்தில் அது போய்விட்டது. லின் விரலால் செய்வதை நான் வாயால் செய்தேன். “ஷெரின், இப்ப நாம எழுதப் போறோம், அதுக்கு அப்புறம் படிக்கப் போறோம், ஆனா அதுக்கு முன்னாடி பென்சிலை எடுக்கணும், சரியா?” என்று ஆங்கிலத்தில் ஒரு முழு நீள உரை நிகழ்த்தினேன். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். கேட்கவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக விளக்கினேன். முனகத் தொடங்கினாள். முன் வரிசையிலிருந்த ஒரு சிறுமி திரும்பி, இரக்கத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, “மிஸ் லின் பேசமாட்டாங்க” என்றாள். அட்டைகள் கீழே விழுந்தன. பொறுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது பக்கத்து நாற்காலி காலி.

ஓடினேன். நான் ஓடியது எப்படி இருந்தது என்பதைப் பார்த்தவர்கள் பல மாதம் நடித்துக் காட்டினார்கள். சைக்கிள் நிறுத்தும் கம்பியில் கால் தடுக்கி, முழங்காலில் விழுந்து, எழுந்து, ஒரு ஷூ எங்கோ போக, கார் நிறுத்துமிடத்தை அடைந்தேன். ஷெரின் இரண்டாவது வரிசையில் நின்று ஒரு பிளேட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால், கேன்டீனுக்கு ரொட்டி கொண்டுவந்த வேன் பின்னோக்கி வர ஆரம்பித்திருந்தது. அவளுடைய அடுத்த பிளேட் அந்த வேனுடையதுதான்.

பேரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தேன். கத்தினால் ஷெரின் ஓடுவாள். எந்தப் பக்கம் ஓடுவாள் என்று தெரியாது. அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் உருப்படியாகச் செய்தது, கத்தாமல் இருந்ததுதான். வேனோட்டிக்குத் தெரியும்படி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பிறகு நொண்டியபடி அவள் பக்கத்தில் போய் நின்று, அவள் வாசித்த பிளேட்டை அவளோடு சேர்ந்து வாசித்தேன். எழுத்து எழுத்தாக. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆனால் நகராமல் நின்றாள். நான் வேனுக்கு எதிர்ப்பக்கம் இருந்த காரைக் காட்டினேன். வாய் திறக்கவில்லை, ஒரு விரல்தான். அவள் அதற்கு வந்தாள். வாசித்தோம். அடுத்த கார். அடுத்தது. வேன் அசையாமல் நின்றது. அப்படியே கார் காராக வாசித்துக்கொண்டே வகுப்புக் கதவுக்கு வந்து சேர்ந்தோம். கதவில் வகுப்பு எண் எழுதியிருந்தது. அதையும் வாசித்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

அந்தப் பெண்மணி கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். அவருக்காக நான் எதையும் ஏற்பாடு செய்யவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். என் திறமையின்மை முழுக்க உண்மையானது. அதற்கு ஒத்திகை பார்க்கவில்லை.

மீதி நேரம் வகுப்பாசிரியையே ஷெரின் பக்கத்தில் இருந்துகொண்டார். வாசலில் காத்திருந்த றெஜினா என்னைப் பார்த்து, “ஐயோ சேர், முழங்காலிலை ரத்தம்” என்றார். அன்ரன் போய், என் ஷூவைத் தேடி எடுத்துவந்து, துடைத்துக் காலடியில் வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முதலுதவி அறையில் ஐஸ் பொட்டலத்தை முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்மணி உள்ளே வந்தார். பையைக் கீழே வைத்தார். போன முறை தான் பிள்ளையை மட்டும் பார்த்ததாகவும், பக்கத்தில் இருந்தவர் செய்த வேலையைப் பார்க்கத் தவறியதாகவும் சொன்னார். படியை இறக்கப் போவதில்லை, பழையபடியே இருக்கும், இன்றைக்கே எழுதி அனுப்பிவிடுவேன் என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஷெரினுக்கு லின் கிடைத்துவிட்டார். தலைமையாசிரியருக்கு வேறோர் இடம் தேட வேண்டிய வேலை மிச்சம். ஆனால் திருச்சி வாத்தியாருக்கு இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தால் ஒரு நல்ல வார்த்தை கேட்காமல் தூக்கம் வராது. கார் காராக வாசித்துக்கொண்டு வந்ததை அவர் பார்த்தாரல்லவா? ஐஸ் பொட்டலத்தை மாற்றி வைத்துக்கொண்டு, முகத்தைப் பணிவாக ஆக்கிக்கொண்டு, “உதவியாளராக நான் எப்படி?” என்று கேட்டேன்.

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நாளைக்கு லின் வந்துவிடுவார்தானே?”